ஆவணி மாதத்துப் படம்

ஒரு காடு அழிந்ததற்கு நான் காரணம். ஒரு ரப்பர் துண்டால் அதைச் செய்தேன். எழுபது வயதைத் தாண்டிய பிறகு இதைச் சொல்வதால் அந்தக் காட்டுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனாலும் நடந்தது நடந்தபடி ஓரிடத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அலுவலகக் காகிதங்களில் அது வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கிறது. அதை எழுதியவனும் நான்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் என்னைக் கோவில்பட்டிக்கு அனுப்பினார்கள். செயற்கைக்கோள் எடுத்த படங்களைப் பார்த்து, இருபது வருஷத்தில் எங்கே காடு குறைந்தது, எங்கே வளர்ந்தது என்று வரைபடத்தில் குறிப்பது என் வேலை. வீடு திருச்சியில். மனைவி அங்கே பள்ளி ஆசிரியை; மகள் அவளோடு. நான் கோவில்பட்டியில் ஒரு தார்ப்பாய்க் கடையின் மாடியில், ஒற்றை அறையில் இருந்தேன். கடைக்காரர் ஒரு முஸ்லிம் பாய். நான் சுருட்டிய படத்தாள்களோடு படியேறுவதைப் பார்க்கும்போதெல்லாம், "படம் எப்ப சார் ரிலீஸ்?" என்று கேட்பார். முதல் வாரம் சிரித்தேன். பிறகு அதுதான் ஒரு நாளில் என்னிடம் ஒருவர் பேசும் ஒரே பேச்சாக ஆனது. அவர் கடையை மூடியிருக்கும் வெள்ளிக்கிழமை மதியங்களில் அந்தக் கேலி இல்லாதது எனக்குக் குறையாகத் தெரிந்தது.

அறையில் கண்ணாடிப் பலகை வைத்த ஒரு மேசை இருந்தது. அதன் அடியில் இரண்டு டியூப் லைட். கண்ணாடியின் மேல் படத்தாளை விரித்து, அதற்கு மேல் ஒளி ஊடுருவும் மெல்லிய தாளை ஒட்டி, உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு எல்லைகளைப் பென்சிலால் வரைவேன். கரண்ட் போனால் வேலை இல்லை. இருட்டிய மேசையின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அந்தப் படங்களில் பச்சை இலை சிவப்பாகத் தெரியும். நம் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒளியை இலை மிகுதியாகத் திருப்பி அனுப்புகிறது. அந்த ஒளிக்குச் சிவப்பு நிறம் கொடுத்து அச்சிடுவார்கள். கரிசல் மண் கருநீலமாக விழும். அடர்ந்த மரங்கள் ஆழ்ந்த சிவப்பு, பயிர் இளஞ்சிவப்பு. இலை இல்லாவிட்டால் சிவப்பு இல்லை. மரம் நிற்கிறதா இல்லையா என்று படத்துக்குத் தெரியாது. இலை இருக்கிறதா என்று மட்டும்தான் தெரியும். அதனால்தான் இரண்டு காலத்துப் படங்களை ஒப்பிடும்போது இரண்டும் ஒரே பருவத்தில் எடுத்தவையாக இருக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். அந்தப் பாடத்தை நானே எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

எட்டயபுரத்துக்குக் கிழக்கே விளாத்திகுளம் சாலையை ஒட்டிய பகுதியின் தாள் கடைசியாக என் கைக்கு வந்தது. அதன் பழைய படம் எழுபதுகளில் ஒரு தை மாதம் எடுத்தது. மழை முடிந்து எல்லாம் தழைத்திருக்கும் காலம். புதிய படமும் தையில் எடுத்ததாக இருக்க வேண்டும். ஆனால் அந்த வருஷத்துத் தைப் படத்தில் மேகம் மூடியிருந்தது. மாற்றாக ஆவணிப் படத்தை அனுப்பினார்கள். ஆடிக்காற்று எல்லாவற்றையும் காயவைத்துவிட்டுப் போன மாதம் அது.

பழைய படத்தில் கரிசல் முடிந்து செம்மண் செவல் மேடு தொடங்கும் இடத்தில், அவரை விதை போன்ற வடிவத்தில் சிவப்பாக ஒரு காடு இருந்தது. ஆவணிப் படத்தில் அதே இடம் சாம்பல் நிறத்தில் கிடந்தது.

புரட்டாசி முதல் வாரத்தில் நேரில் பார்க்கப் போனேன். பஸ்ஸிலிருந்து இறங்கி ஒன்றரை மணி நேரம் நடந்தேன். காடு அங்கேதான் இருந்தது. அத்தனையும் நாட்டு உடைமரங்கள்; குடைவேல் என்றும் சொல்வார்கள். ஆனால் ஒரு மரத்திலும் கிளை இல்லை. அடிமரமும், உச்சியில் ஒரு கைப்பிடித் தழையும் மட்டும் நின்றன. அந்த மரங்களுக்கு நடுவே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் தோளில் தொரட்டியோடு வந்தார். பின்னால் வெள்ளாடுகள்.

"யாரத் தேடுதீங்க?"

"யாரையும் இல்ல அண்ணாச்சி. இந்தக் காட்டைப் பாக்க வந்தேன்."

"நல்ல நேரம் பாத்து வந்தீக. அம்மணமா நிக்கும்போதா பாக்க வாரது?"

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே சிரித்தார். ஒரு மரத்தடியில் துண்டை விரித்து என்னை உட்காரச் சொன்னார். நிழல் என்று ஒன்றும் இல்லை. கோவில்பட்டிக்கு வந்த ஐந்து மாதத்தில் ஒருவர் என்னை உட்காரச் சொன்னது அதுதான் முதல் முறை. தூக்குச்சட்டியில் இருந்த கம்மங்கூழில் மோர் ஊற்றிக் கரைத்து, மூடியில் எனக்கு ஊற்றிக் கொடுத்தார்.

"எல்லா மரத்தையும் நீங்களா வெட்டினீங்க?" என்று கேட்டேன்.

"நான் மட்டுமா? ஆடு வச்சிருக்க எல்லாரும் சேந்துதான். ஆட்டுக்குத் திங்கத் தழை, கொழை வேணும்லா. வழக்கமா மூணுல ஒரு பங்கு மரத்துலதான் கொழை வெட்டுவோம். அடுத்த வருசம் அடுத்த பங்கு. அதுக்குள்ள இது தழைச்சிரும். இப்ப ரெண்டு வருசமா மானம் பாக்கல, மழையே இல்ல. ஆடு கண்ணு முன்னால சாவுது. இந்த ஒரு வருசம் எல்லா மரத்தையும் வெட்டிருவோம்னு கூட்டத்துல நாந்தான் சொன்னேன். மொதல்ல ஒருத்தரும் ஒத்துக்கல. பெறவு ஒத்துக்கிட்டாவ."

"மரம் செத்துடாதா?"

அவர் தொரட்டியை உயர்த்தி ஒரு மரத்தின் உச்சியைத் தொட்டுக் காட்டினார்.

"இது குடுமி. இதுல கத்தி படப்பிடாது. பட்டுட்டா, வெட்டினவன் கோயிலுக்குக் கிடா குடுக்கணும். எங்க தாத்தா காலத்துலருந்து அப்படித்தான். குடுமி இருந்தா மரத்துக்கு உசிரு இருக்கு. ரெண்டு மழை விழட்டும், நீங்களே அசந்து போவீக. தை கழிச்சு ஒரு எட்டு வாங்க சார். இதே எடத்துல நெழல்ல படுத்துத் தூங்கிட்டுப் போகலாம்."

"வாரேன்" என்றேன். அவருடைய சொல்லையே எடுத்துச் சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன்.

அறைக்குத் திரும்பியதும் தாளில் அந்த அவரை விதைக்குள் பென்சிலால் ஒரு சிறு முக்கோணம் போட்டேன். மறுபடி நேரில் பார்த்து உறுதி செய்ய வேண்டும் என்பதற்கு எங்கள் குறி அது. முக்கோணம் இருக்கும்வரை அந்தத் தாள் முடிந்ததாக ஆகாது.

மேலதிகாரியிடம் பேச எஸ்.டி.டி. பூத்துக்குப் போனேன். அவர் நல்லவர்தான். என்மேல் இரக்கப்பட்டுத்தான் சொன்னார்: "தீபாவளிக்குள்ள அந்தத் தாளை முடிச்சுக் குடுத்துடுங்க. உங்க திருச்சி மாறுதல் என் மேசைலயே இருக்கு. முக்கோணம் கிக்கோணம்னு அனுப்பினீங்கன்னா பங்குனி வரைக்கும் அங்கயேதான். அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது."

அன்றிரவு தூங்கினேனா என்று நினைவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்கு மேசை விளக்கைப் போட்டு, முக்கோணத்தை ரப்பரால் அழித்தது நன்றாக நினைவிருக்கிறது. ரப்பர் துகளை ஊதித் தள்ளினேன். மை எடுத்து எல்லையை வரைந்தேன். உள்ளே "அழிந்த காடு" என்பதற்கான எண்ணை எழுதினேன். அதோடு விட்டிருக்கலாம். காரணம் எழுதுவதற்கென்று அட்டவணையில் ஒரு கட்டம் இருந்தது. அதை வெறுமையாக விட்டால் கேள்வி வரும். "ஆடு மேய்ச்சல்" என்று எழுதினேன். கம்மங்கூழ் குடித்த கையால்தான் எழுதினேன்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னதாகத் திருச்சிக்குப் போனேன். பெட்டியோடு வீட்டுக்குள் நுழைந்தபோது மனைவியும் மகளும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தட்டு வைக்க எழுந்த மனைவி, எங்கே வைப்பது என்று ஒரு நொடி தரையைப் பார்த்தாள். நான் உட்காரும் இடத்தில் மகளின் புத்தகங்கள் இருந்தன. அவர்கள்மேல் தப்பில்லை. நான் இல்லாமலே ஒரு வீடு ஓடப் பழகியிருந்தது. எதற்காக அவ்வளவு அவசரப்பட்டேனோ அந்த வீட்டில், பல வருஷங்கள், வந்து தங்கியிருக்கும் உறவினனைப் போல இருந்தேன். தை வந்தது, போனது. "வாரேன்" என்று சொன்னது ஒரு தடவை நினைவுக்கு வந்தது. மகளுக்குப் பரீட்சை என்று எனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

பன்னிரண்டு வருஷம் கழித்து, ஓய்வு பெற்றபின், அனுபவம் உள்ளவர் வேண்டும் என்று அதே அலுவலகம் என்னைத் தற்காலிகமாகக் கூப்பிட்டது. மனைவி அதற்குள் இறந்துவிட்டாள். மகள் பெங்களூரில். மறுபேச்சில்லாமல் போனேன். மேசையும் பென்சிலும் போய்க் கணினி வந்திருந்தது. முப்பது வருஷத்துப் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், காடு இருந்த இடம், போன இடம், திரும்ப வந்த இடம் எல்லாவற்றையும் அதுவே வண்ணம் பூசிக் காட்டியது. நானே கேட்டு அந்தத் தாளை வாங்கிக்கொண்டேன். அவரை விதை அப்படியே இருந்தது. முதலில் காடு. பிறகு அழிவு. மூன்றாவது படத்தில், முன்பு இருந்ததைவிட அடர்ந்த சிவப்பு. கணினி அதற்குப் பச்சை பூசி, "மீண்ட காடு" என்றது.

புதிய அதிகாரி என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். "உங்க பழைய தாளை வச்சுத்தான் சார் அங்க ஆட்டை நிறுத்தி, வேலி போட்டு, கன்னு நட்டாங்க. பாருங்க, எப்படி வந்திருக்குன்னு! அறிக்கைக்கு இதையே முதல் பக்கம் வச்சுடுவோம்."

அந்தப் படம் எடுக்கப்பட்ட மாதத்தைப் பார்த்தேன். அதுவும் ஆவணி. ஆவணியில் ஆட்டுக்குக் கொழை வெட்டியிருப்பார்கள். மூன்றில் ஒரு பங்காவது வெளுத்திருக்க வேண்டும். எல்லாமே சிவப்பாக இருந்தது. அப்படியானால் ஆடு இல்லை, அல்லது உடைமரம் இல்லை. மறுநாள் ரயில் ஏறினேன்.

இரண்டுமே இல்லை. செவல் மேடு முழுக்க வேலிக்கருவை, சீமைக்கருவேலம். உள்ளே நுழைய முடியாதபடி முள் பின்னிக்கிடந்தது. ஓரிடத்தில் வெட்டி வழி உண்டாக்கி, விறகை அடுக்கி மண் பூசிக் கரிமூட்டம் போட்டிருந்தார்கள். ஒரு அம்மாள் மூட்டத்தில் புகை கசியும் ஓட்டைகளை ஈரமண்ணால் அடைத்துக்கொண்டிருந்தார்.

"இங்கே உடைமரம் நின்றதே?" என்று கேட்டேன்.

"நின்னுச்சு. காயிதத்துல அழிஞ்ச காடுன்னு இருக்குன்னு மிசின் வந்து தூரோட தோண்டிப் போட்டுட்டுப் போச்சு. குழி வெட்டி என்னமோ கன்னு நட்டாவ. ரெண்டாங் கோடையில அம்புட்டும் கருகிட்டு. கம்பி வேலிய எவனோ சுருட்டிட்டுப் போயிட்டான். நட்டது ஒண்ணும் பொழைக்கல, நடாதது பொழைச்சிருக்கு. நீங்க எந்த ஆபீஸ்?"

பதில் சொல்லாமல், குடுமி விட்டு வெட்டுவதைப் பற்றி எனக்குச் சொன்ன ஒருவரைத் தேடி வந்ததாகச் சொன்னேன். கூழ் கொடுத்ததையும் சொன்னேன். அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார்.

"அது எங்க வீட்டு அவியதான். இப்ப இங்கன இல்ல. தூத்துக்குடிப் பக்கம் புதியம்புத்தூர்ல ஒரு தையல் கம்பெனிக்கு வாச்மேன். உள்ள சட்டை தைக்காவ, இவிய கேட்டுல ஒக்காந்து உள்ள போற ஆளையும் வெளிய வார ஆளையும் எண்ணுதாவ. ஆடு எண்ணினவியதான, எண்ணட்டும்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு அவர் குரல் மாறியது. வேலி போட்டதும் எல்லோரும் ஆட்டை விற்க வேண்டிவந்ததாம். விற்றவர்களின் கோபம் எல்லாம் அவர் கணவர்மேல் திரும்பியிருக்கிறது. "நீ எல்லா மரத்தையும் வெட்டச் சொன்னதாலதான் மொட்டக்காடுன்னு சர்க்காரு வந்துச்சுன்னுட்டாவ. எங்க வீட்டு அவியளுக்கும் அதே நெனப்புதான். எதுத்து ஒரு வார்த்த பேசல. குடுமிய வெட்டின மாதிரிதான் இதுவும்னு சொல்லி, கோயிலுக்குக் கிடா குடுக்க வச்சிட்டாவ. கிடாயக் குடுத்துட்டுப் போன மனுசன், அதுக்குப் பெறவு கோயில் பங்குனிப் பொங்கலுக்குக்கூட ஊர்ல தங்குததில்ல."

அப்போதுதான் சொன்னேன். படம், ஆவணி, முக்கோணம், ரப்பர், அந்தக் கட்டத்தில் நான் எழுதிய இரண்டு சொற்கள். அவருக்குப் புரியும்படி சொல்ல நேரம் பிடித்தது. கேட்டுக்கொண்டே அவர் மண்ணை அப்பிக்கொண்டிருந்தார். முடித்ததும், கையில் இருந்த மண்ணை உதறினார்.

"எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? நானா கிடா வாங்கினேன்? பங்குனிப் பொங்கல் அன்னிக்கு எல்லாரும் கோயில்ல கூடுவாவ. அவியளையும் நான் வரச் சொல்லுதேன். அங்க வந்து எல்லார் முன்னாலயும் சொல்லணும். வாரேன்னா வரணும்."

"வரேன்" என்றேன்.

அலுவலகத்தில் என் குறிப்பை எழுதிக் கொடுத்தேன்: மீண்டது பழைய காடு இல்லை, வேறு மரம், முன்பு அழிந்ததாகக் குறித்ததும் தவறு, அந்தத் தவறு என்னுடையது. அறிக்கை அச்சாகி வந்தபோது முதல் பக்கத்தில் பச்சை அப்படியே இருந்தது. என் குறிப்பு கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், "சில இடங்களில் மர வகை மாறியிருக்கலாம்" என்று சுருங்கியிருந்தது.

பங்குனியில் போனேன். உச்சிவெயிலில் கோயிலுக்கு முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். முப்பது நாற்பது பேர் இருந்தார்கள். அன்று கூழ் கொடுத்தவர் பந்தலுக்கு வெளியே, கம்பெனியின் நீலச் சட்டையோடு நின்றார். நரைத்துவிட்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்ததற்கான அறிகுறி எதையும் காட்டவில்லை.

நான் தைப் படத்தையும் ஆவணிப் படத்தையும் தரையில் விரித்து, காற்றில் பறக்காமல் மூலைக்கொரு கல் வைத்தேன். எது கண்மாய், எது எட்டயபுரம் ரோடு என்று காட்டினேன். பிறகு சொல்ல வந்ததைச் சொன்னேன். குழை வெட்டியதற்கும் காடு போனதற்கும் சம்பந்தமில்லை. அடுத்த மழைக்குத் தழைத்துவிடும் என்று அவர் எனக்குச் சொன்னார், எனக்கு அது தெரியும், தெரிந்துகொண்டே அழிந்த காடு என்று எழுதினேன்.

முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"அப்படின்னா, திருச்செந்தூர்ல மொட்ட போட்டுட்டு வந்தவனப் பாத்து வழுக்கத்தலையன்னு எழுதிட்டீரு!"

பந்தலே சிரித்தது. "எழுதினதோட விட்டாரா? தலையே வேண்டாம்னு எடுக்க வச்சிட்டாரே" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மறுபடி சிரிப்பு. நான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

பெரியவர் கையமர்த்தினார். "அப்பம் குடுமிய வெட்டினது இவரு. மொறப்படி கிடா இவருதான் குடுக்கணும். என்னய்யா, குடுப்பீரா?"

"குடுக்கறேன்."

"அவங்கிட்ட வாங்கின கிடாய ஊரு திருப்பிக் குடுத்துரணும். ஏலே, உள்ள வால. எதுக்கு வெயில்ல நிக்க? உன் கிடாய வாங்கிக்கிட்டு இன்னிக்காவது ஒக்காந்து சாப்புடு."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் மனைவியும் பார்த்தார். அவர் நின்ற இடத்திலிருந்தே கேட்டார்:

"கிடாய வாங்கி எங்க கட்ட? கம்பெனி கேட்டுலயா?"

இதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை. மனைவி அருகில் போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்து பந்திக்கு உட்கார வைத்தார். உட்கார்ந்தார், சாப்பிட்டார், யாரோ கேட்டதற்குப் பதிலும் சொன்னார். அந்தப் பெரியவர் தன் கையால் அவர் இலையில் கறி வைத்தார். எனக்கும் இலை போட்டார்கள். கிடாய்க்கு அங்கேயே ஒருவரிடம் சொல்லி, வாங்கி ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினேன்.

பஸ் நிறுத்தத்தில் அவர் எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார். சாயங்கால வேலைக்குப் போக வேண்டியிருந்திருக்கும். இருவர் மட்டும்தான். பேசலாம் என்று நெருங்கினேன், பஸ் வந்துவிட்டது. நான் முன்வாசலில் ஏறினேன், அவர் பின்வாசலில். திருவிழாக் கூட்டம். எட்டயபுரம் வந்ததும் அவர் தூத்துக்குடி பஸ் பிடிக்க இறங்கினார். நேராகப் போய்விடுவார் என்று நினைத்தேன். திரும்பி வந்து என் ஜன்னலுக்கு வெளியே நின்றார்.

"சார், தை கழிச்சு வாரேன்னு சொன்னீகள்லா?"

"சொன்னேன்."

"அந்தத் தையில நல்லாத் தழைச்சு நின்னுச்சு. எப்பவும் தழைக்கதவிட ஜாஸ்தி. நீங்க வந்து பாத்தா முழுசாப் பாக்கணும்னு ஆட்ட அந்தப் பக்கமே விடாம ஓடையோரமா ஓட்டிக்கிட்டுப் போனேன். ஒரு கொழை கடிக்க விடல. பத்து நாளு. மோரும் கொண்டு போனேன்."

அவர் குரலில் குற்றம்சாட்டல் இல்லை. நான் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு தகவலைச் சொல்வது போலச் சொன்னார். டிரைவர் வண்டியை எடுத்தார். அவர் ஜன்னல் கம்பியிலிருந்து கையை எடுத்துக்கொண்டு, தூத்துக்குடி பஸ் நிற்கும் பக்கம் நடந்தார்.

கூட்டம் குறைந்து அப்போதுதான் கண்டக்டர் என் இருக்கைக்கு வந்தார்.

"எங்க சார்? எத்தன பேரு?"

"கோவில்பட்டி" என்றேன். "ஒண்ணு."